காருக்குப் பொட்டு வைத்த யோகராணி அக்கா

யோகராணி அக்கா தன் நெற்றிக்குப் பொட்டு வைக்க மறந்து வந்த நாட்கள் உண்டு. காருக்கு வைக்க அவர் மறந்ததே இல்லை.

பல வருடங்களாக இதை நான் பார்த்து வருகிறேன். காலையில் காரை இயக்கியதும் வேகம் காட்டும் கண்ணாடிக்குள் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணையும். அணையாமல் எது நிற்கிறது என்று அக்கா குனிந்து பார்ப்பார். ஏதாவது நின்றால், வெயில் மறைக்கும் தட்டில் செருகியிருக்கும் ஒட்டுப்பொட்டு அட்டையை இழுத்து, அளவான ஒன்றை நகத்தால் கிளப்பி, அந்த விளக்கின் மேல் ஒட்டிவிடுவார். பிள்ளைக்கு வைப்பதுபோலப் பெருவிரலால் ஒருதரம் அழுத்துவார். அதற்குப் பிறகுதான் கார் நகரும்.

நாங்கள் எல்லோரும் பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தில் கோட்-டே-நேஜ் பக்கம் குடியிருப்பவர்கள். வேலை சென்ட் லோரன்டில், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் தொழிற்சாலையில். முன் சீற்றில் சஜிதா இருப்பாள். அவளுக்கு வாய் ஓயாது. பின் சீற்றின் இரண்டு கரையிலும் இரண்டு பிலிப்பினோ சகோதரிகள்; பெல்ட்டைப் போட்ட உடனேயே தூங்கிவிடுவார்கள். நடுவில் நான். நடுவில் இருப்பவளுக்குச் சாயவும் முடியாது, வெளியே பார்க்கவும் முடியாது. ஆனால் இரண்டு முன் சீற்றுகளுக்கும் இடையால் அந்தக் கண்ணாடி நேராகத் தெரியும்.

அக்காவுக்குக் கார் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிர்கால ரயர்களைச் சட்டம் சொல்லும் நாளுக்கு முன்பே மாற்றிவிடுவார். கூரைப் பனியைத் துடைப்பத்தால் முழுவதும் தள்ளாமல் தெருவில் இறங்கமாட்டார். அவர் பொட்டு வைத்ததற்குக் காரணம் அறியாமை அல்ல. காரணத்தின் பெயர் ஆனந்தராசா அண்ணை. அவர் யோகராணி அக்காவின் கணவர்.

ஆனந்தராசா அண்ணைக்கு லைசன்ஸ் இல்லை. பல தடவை பரீட்சைக்குப் போய்க் கார் ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவரின் குற்றத்தால் தவறிப் போனது. ஒருமுறை நிறுத்தச் சொல்லும் பலகை மரத்துக்குப் பின்னால் நின்றதாம். இன்னொருமுறை பரீட்சை எடுத்த பெண் இருமி அவரைக் குழப்பிவிட்டாளாம். யோகராணி அக்கா முதல் தடவையிலேயே எடுத்துவிட்டார். “அவளுக்கு லேசான றோட்டு விழுந்தது” என்று அண்ணை இன்றும் சொல்வார்.

ஆகவே அக்கா ஓட்டுவார், அண்ணை பக்கத்தில் இருந்து ஓட்டுவார். சிவப்பு விளக்கு, குறுக்கே நடப்பவர், அணில் எது வந்தாலும் அவருடைய வலது கால் நிலத்தை மிதிக்கும். அந்தப் பக்கத்து மிதியடி ஓரிடத்தில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அக்கா ஓட்டும்போது தான் பக்கத்தில் இருப்பதை ஊர் பார்க்கிறதே என்பது அவருக்கு உள்ளூர ஒரு குத்தல். கார் அவர் பெயரில் பதிந்தது. வாங்கிய அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

“இஞ்சை பார் யோகம். பழைய கார். ஒரு லைற் எரிஞ்சுதெண்டாலும் காணும், அடுத்த நாள் இதைப் பழைய இரும்புக்குக் குடுத்துப்போடுவன். பேந்து ரெண்டு பேரும் பஸ்ஸிலை மரியாதையாப் போவம்.”

கார் போனால் அக்காவுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். என் யன்னல் அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்திருக்கிறது. வேலை முடிந்து எங்களை இறக்கிவிட்ட பிறகு அக்கா காரை வாசலில் நிறுத்துவார், ஆனால் இறங்கமாட்டார். பாட்டைப் போட்டுவிட்டு, சீற்றைக் கொஞ்சம் சாய்த்து, மிச்சமிருந்த வடையைச் சாப்பிடுவார். சில நாட்களில் தனியே சிரிப்பார். மேலே சின்ன வீட்டில் கணவரும், வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகளும், கணவரின் தம்பியும் இருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்காத இடம் அவருக்கு அந்தக் கார் ஒன்றுதான்.

முதற்பொட்டு என்ஜின் விளக்குக்கு விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பியர்பொன்ட்ஸில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு விழாவுக்குப் போகும்போது அண்ணை அதைக் கண்டுவிட்டார். பின்னால் நான் இருந்தேன்.

“உதென்ன பொட்டு?”

“காருக்கு.”

“காருக்கு என்னத்துக்குப் பொட்டு?”

“கண்ணூறு படாமல் இருக்க. ஐயர் சொன்னவர்.”

“எந்த ஐயர்?”

“அந்த உயரமான ஐயர். இப்ப ரொறன்ரோவுக்குப் போட்டார்.”

அண்ணை எட்டிப் பொட்டைப் பார்த்தார். அக்காவின் கண் தெருவை விட்டு விலகவில்லை. “நல்ல விசயம்தான்” என்றார் அண்ணை கடைசியாக. நான் என் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்து எதையோ தேடினேன்.

ஒன்று சொல்லவேண்டும். அக்கா பொட்டை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. அண்ணை வேலைக்குப் போன நேரம் பார்த்துக் காரை ரதீசனின் கராஜுக்குக் கொண்டுபோவார். பிழை திருந்தினால் பொட்டை உரித்துவிடுவார். ஆனால் நேரம் எப்போதும் கிடைப்பதில்லை. அதனால் சில பொட்டுகள் மாதக்கணக்கில் நின்றன. ஒரு கட்டத்தில் அந்தக் கண்ணாடி கலியாணத்துக்கு வெளிக்கிட்ட பெண்ணின் முகம்போல இருந்தது.

இதெல்லாம் ஒரு காரோடு முடிந்திருக்கும். அண்ணை விடவில்லை. கோயிலின் கார் தரிப்பிடத்தில் அவருக்கு ஒரு கூட்டம் உண்டு. அங்கே அவர் சொல்லத் தொடங்கினார்.

“ரொறன்ரோ ஐயர் என்னைத் தனியக் கூப்பிட்டுத்தான் சொன்னவர். எல்லாருக்கும் சொல்லேல்லை.”

“எவடத்திலை ஒட்டுறது அண்ணை?”

எங்கே என்று அவருக்கும் தெரியாது. ஆகவே அக்காவின் காரைத் திறந்து பார்த்துச் சொல்வார். “இடப்பக்கம் மேலை ஒண்டு. நடுவுக்குக் கீழை ஒண்டு. சுமங்கலிக் கையாலை ஒட்டோணும், அது முக்கியம்.” வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் காருக்குள் குனிந்து ஒட்டினார்கள். தமிழ்க்கடையில் ஒட்டுப்பொட்டு தீர்ந்துபோனது. கடைக்காரர் ஏதோ பெரிய கலியாணம் வருகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எடுப்பித்தார்.

“அக்கா, உங்கடை பொய் எங்களை விட வேகமா ஓடுது” என்றாள் சஜிதா.

“நான் ஒரு பொட்டுத்தானடி வைச்சனான். மிச்சத்தை அவர் வைக்கிறார்.”

போன பெப்ரவரியில் ஒரு காலை. வெளியே கண்ணிமை ஒட்டும் குளிர். காரை இயக்கியதும் விளக்குகள் எரிந்து அணைந்தன, ஒன்று அணையவில்லை. அதுவரை வந்தவை எல்லாம் மஞ்சள். இது சிவப்பு. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி.

“அக்கா, உது சிவப்பு” என்றாள் சஜிதா.

“ஹாண்ட்பிரேக் முழுசா இறங்கேல்லைப் போலை.” அக்கா அதை ஏற்றி இறக்கிப் பார்த்தார். விளக்கு அசையவில்லை.

“இண்டைக்கு பஸ்ஸிலை போவமே?”

“திங்கட்கிழமை ரதீசனிட்டை நேரம் எடுத்திருக்கிறன். நாளைக்கு வேலை இல்லை. இண்டைக்கு ஒரு நாள்தானே.”

அட்டையில் அரக்குநிறப் பொட்டு ஒன்று மிச்சமிருந்தது. அக்கா அதை ஒட்டினார். அழுத்திய பெருவிரல் வழமையைவிட அதிக நேரம் அங்கே நின்றது. அன்று வழி முழுக்க முன்னால் போன காருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பஸ் நிற்கும் தூரம் விட்டு ஓட்டினார். பிலிப்பினோ சகோதரிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை கோயிலில் விசேட பூசை. அக்கா பஸ்ஸில் போவோம் என்றார், அண்ணை சிரித்தார். கார் வைத்திருப்பவர் பஸ்ஸில் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். பஸ்தான் மரியாதை என்று சொன்னவரும் அவர்தான். கோயில் கிட்டத்தான், தெருவும் மட்டமானது. சஜிதாவும் நானும் பின்னால் இருக்க, மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம்.

பூசை முடிந்து மத்தியானம் வெளியே வந்தபோது தரிப்பிடத்தில் ஸ்ரீதரன் தலையில் கைவைத்தபடி நின்றான். அவன் ஆனந்தராசா அண்ணையின் கூட்டத்தில் இளையவன். புதுக் கார் வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. பக்கத்தில் மனைவி வினோஜா, பிள்ளைக் கூடைச் சீற்றில் கைக்குழந்தை.

“அண்ணை, கார் கத்துது. பிரெஞ்சிலை ஏதோ எழுதிக் காட்டுது. இதிலை பிள்ளையை ஏத்த எனக்குப் பயமாக் கிடக்கு.”

நான் அந்தக் காரைப் பார்த்தேன். புதுக் காருக்குச் சின்னப் பொட்டுப் போதாது என்று நினைத்தானோ என்னவோ, முன்கண்ணாடியின் உச்சியில் உள்ளங்கை அளவுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தான். அது உறைந்து கல்லாகிப் போயிருந்தது. முன்னால் வருவதைப் பார்த்துக் காரே பிரேக் போடுவதற்கென்று வைத்த கமெரா சரியாக அதற்குப் பின்னால்தான் இருந்தது. கண்ணைப் பொத்தினால் யாரும் கத்தத்தான் செய்வார்கள்.

“புதுக் காரெண்டா உதுதான் குணம்” என்றார் அண்ணை. “எங்கடையைப் பார். பொட்டு வைச்சு எத்தினை வருசம், ஒரு லைற் எரிஞ்சதே? யோகம், காரை வாசலுக்குக் கொண்டா. வினோஜாவையும் பிள்ளையையும் நாங்கள் கொண்டுபோய் விடுவம்.”

அவர்கள் வீடு நோத்ர-டாம்-த-கிரேஸில். அங்கே போகும் வழியில் நீளமான இறக்கம் ஒன்று இருக்கிறது. அக்காவின் முகம் வெளுத்தது.

“ரக்ஸியைக் கூப்பிடலாமே...”

“இவ்வளவு பெரிய காரை வைச்சுக்கொண்டு ரக்ஸியோ? உனக்கென்ன விசரே?”

அக்கா ஏறினார். அண்ணை பக்கத்தில் ஏறினார். சஜிதாவும் நானும் பின்னால் ஏறினோம். தரிப்பிடம் வாசலை நோக்கிக் கொஞ்சம் சரிவு. கார் நடக்கும் வேகத்தில் இறங்கியது. வாசலுக்கு முன் அக்கா பிரேக்கை அழுத்தினார். கால் கீழே போனது, இன்னும் போனது, நிலத்தைத் தொட்டது. கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஸ்ரியறிங்கைத் திருப்பினார். பனி அள்ளும் வண்டி குவித்துவிட்டுப் போன பனிமேடு எங்களை மூக்கோடு வாங்கிக்கொண்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனந்தராசா அண்ணையின் வலது கால் மாத்திரம் இன்னும் முழுப்பலத்தோடு மிதியடியை மிதித்தபடி இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை.

கூட்டம் ஓடி வந்தது. அண்ணை கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்.

“ஒண்டுமில்லை, ஐஸ் சறுக்கிப்போட்டுது. பொம்பிளை ஓட்டமெல்லே. வினோஜா, நீர் பயப்பிடாதையும் பிள்ளை. ஏறும்.”

சஜிதா இறங்கி இடம்விட்டாள். வினோஜா கதவைத் திறந்து பிள்ளைக் கூடையை என் பக்கத்தில் வைத்துப் பெல்ட்டை இழுத்தாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

ஐஸ் என்று அண்ணையே சொல்லிவிட்டார். அக்கா ஒரு பேச்சும் பேசத் தேவையில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுகமில்லை என்று சொல்லியிருந்தாலும் போதும். திங்கட்கிழமை கார் திருந்தியிருக்கும், காரின் திறப்புச் சாவியும் கையில் இருந்திருக்கும். நானும் சஜிதாவும் வாய் திறந்திருக்க மாட்டோம். அக்கா பின்பக்கம் காட்டும் கண்ணாடிவழியே பிள்ளையைப் பார்த்தார். பிறகு வெளியே நின்றவர்களையும், அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்ற கார்களையும் பார்த்தார். ஒவ்வொரு காருக்குள்ளும் அந்தப் பொட்டுகள் இருந்தன. அக்கா நகத்தை விட்டு அரக்குப் பொட்டை உரித்தார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

“இறங்கும் வினோஜா. பிள்ளையை எடும். பிரேக் இல்லை.”

பிறகு மற்றவற்றையும் உரித்தார். ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே ஒரு விளக்கு. அண்ணை வாயைத் திறந்தபடி பார்த்தார்.

“இதென்ன, தீபாவளியே?”

“கண்ணூறுக்கு இல்லையப்பா. உங்கடை கண்ணுக்குத்தான் மறைச்சனான். லைற் எரிஞ்சா காரை விப்பன் எண்டனீங்கள்.”

அக்கா இறங்கிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “எல்லாரும் போய் உங்கடை காரைப் பாருங்கோ. எவடத்திலை ஒட்டினீங்களோ அவடத்திலை உரிச்சுப் பாருங்கோ.”

முதலில் ஸ்ரீதரன் திரும்பினான். பிறகு எல்லோரும் ஓடினார்கள். கார்க் கதவுகள் திறந்தன. “ஐயோ, என்ரையிலையும் ஒண்டு எரியுது!” என்று ஒரு குரல். “இஞ்சை ரெண்டு!” என்று இன்னொன்று. ஸ்ரீதரன் சந்தனத்தை லைசன்ஸ் அட்டையால் சுரண்டினான். சுரண்டி முடிந்ததும் கார் கத்துவதை நிறுத்தியது.

அண்ணையின் முகம் கறுத்தது. அவர் இறங்கி வந்து கையை நீட்டினார்.

“குடு திறப்பை.”

அக்கா திறப்பைக் கைக்குள் மூடினார். அதற்குள் கூட்டம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை.

“அண்ணை,” என்றான் ஸ்ரீதரன், “ஐயர் உங்களைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“சுமங்கலிக் கை வேறை” என்றாள் பின்னால் ஒருத்தி.

நீட்டிய கை அப்படியே நின்றது. அண்ணை ஓர் அடி பின்னே வைத்தார். அவரை அப்படி நான் முன்பு கண்டதில்லை. யோகராணி அக்கா அவரைப் பார்த்தார். பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவைப் பார்த்துச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

“இவர் சொன்னது சரிதான். நாங்கள்தான் அரைவாசியைக் கேட்டுப்போட்டு ஓடீட்டம். பொட்டு வைச்சா மாதத்திலை ஒரு வெள்ளி அதை உரிச்சுப் பாக்கோணும். கீழை லைற் எரிஞ்சா கராஜிலை காட்டித் திருத்திப்போட்டுத்தான் திரும்ப வைக்கலாம். திருத்தாமல் வைச்சா தோசம். இதைத்தானே ஐயர் உங்களுக்குச் சொன்னவர்?”

அண்ணை கூட்டத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கை மெல்ல இறங்கியது.

“ஓம்” என்றார். “அதைத்தான் நான் முதலே சொன்னனான். ஒருத்தரும் ஒழுங்காக் கேக்கிறேல்லை.”

“அப்ப அண்ணை,” என்றாள் சஜிதா, பாலும் பழமும் போன்ற குரலில், “திருத்தாமல் காரைப் பழைய இரும்புக்குக் குடுத்தாலும் தோசம்தானே?”

எல்லோரும் அவருடைய பதிலுக்குக் காத்து நின்றார்கள்.

“பெரிய தோசம்” என்றார் அண்ணை.

காரை இழுவை வண்டியில் ரதீசனிடம் அனுப்பினோம். திங்கட்கிழமை அக்காவும் அண்ணையும் போனபோது நானும் போனேன். ரதீசன் காரை உயரத் தூக்கிவைத்து, கீழே ஓடும் ஒரு மெல்லிய குழாயைக் காட்டினான். தெருவுக்குப் போடும் உப்பு அதைத் தின்று துருவாக்கியிருந்தது. பிரேக் எண்ணெய் அதனால் ஒழுகியிருக்கிறது.

“கொஞ்ச நாளா இஞ்சை வாற தமிழாக்களின்ரை கார் எல்லாத்திலையும் பொட்டு அண்ணை. நான் ஏதோ புதுச் சமயம் எண்டு நினைச்சன்” என்றான். “மஞ்சள் லைற் எண்டா, நேரம் எடுத்துக்கொண்டு என்னட்டை வாங்கோ எண்டு கார் சொல்லுது. சிவப்பெண்டா, நிண்ட இடத்திலையே நிப்பாட்டு எண்டு கத்துது. அதோடை வீட்டையும் போகக்கூடாது, இஞ்சையும் ஓடிவரக் கூடாது. என்னைக் கூப்பிடுங்கோ, நான் வாறன்.”

“இது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சாய்?” என்றார் அண்ணை. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதை வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. கோயில் தரிப்பிடத்தில் அண்ணை கையுறையோடு நின்றார். வந்த கார் ஒவ்வொன்றிலும் பொட்டை உரித்துப் பார்த்தார். மஞ்சளையும் சிவப்பையும் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினார். ரயரின் பள்ளக் கோட்டுக்குள் காசுக் குற்றியை விட்டுத் தேய்மானம் பார்த்துத் தலையை ஆட்டினார். கூரையில் பனியோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார்: “தலையிலை குப்பையோடை கோயிலுக்கு வருவியே? அது பறந்துபோய்ப் பின்னாலை வாறவன்ரை கண்ணாடியிலை அடிச்சா உனக்குத்தான் பாவம்.” கண்ணாடி கழுவும் தண்ணீர் கோடைக்குரியதா குளிர்காலத்துக்குரியதா என்று போத்தலை வாங்கி வாசித்தார். கோடைத் தண்ணீர் தெருவிலேயே உறைந்து கண்ணாடியை மறைத்துவிடும் என்று ரதீசன் அவருக்கு முந்திய நாள்தான் சொல்லியிருந்தான்.

யோகராணி அக்கா காருக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிக் கொஞ்சம் கார் ஓடப் பழகுங்கோவன்” என்றார் அக்கா, அண்ணை திரும்பி வந்து ஏறியபோது.

“எனக்கெங்கை நேரம்? இவ்வளவு சனத்தையும் ஆர் பாக்கிறது?”

அந்த இளவேனிலில் ஸ்ரீதரன் பொட்டை விட்டுவிட்டான். மெல்ல மெல்ல மற்றவர்களும் விட்டார்கள். வெறும் விளக்கைப் பார்ப்பது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். அண்ணையின் வெள்ளிக்கிழமை மாத்திரம் நிற்கவில்லை.

கார் இன்னும் ஆனந்தராசா அண்ணையின் பெயரில்தான் இருக்கிறது. திறப்பு யோகராணி அக்காவிடம் இருக்கிறது. பிரேக் குழாய் புதியது. என்ஜின் விளக்கு இந்தக் கிழமை மறுபடியும் எரிகிறது. அது மஞ்சள். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ரதீசனிடம் நேரம் எடுத்திருக்கிறோம். அண்ணையும் வருகிறார்.